மலேரியா இன்ஸ்பெக்டரின் நான்காவது படம்

தங்கபுஷ்பத்துக்கு அப்போது நாற்பத்துநான்கு வயது. அவரிடம் பாடம் கேட்க வந்த பால்வண்ணனுக்கு அறுபத்தொன்று. சிவகாசியில் நடந்தது இது. இருபது வருடம் ஆகிறது.

தங்கபுஷ்பம் ஓர் அச்சகத்தின் இருட்டறையில் பதினேழு வருடம் வேலை பார்த்தவர். அங்கே ஆள் உயரத்தைவிடப் பெரிய ஒரு கேமரா இருந்தது. காலண்டர் படங்களை அதில் நெகட்டிவ் எடுத்துக் கழுவிக் கொடுப்பது அவர் வேலை. கம்ப்யூட்டர் வந்தது. அந்தக் கேமராவைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். தங்கபுஷ்பம் வீட்டுக்கு வந்து, சமையலறையை ஒட்டிய அறையில் கறுப்புத் துணி கட்டி, பழைய பிலிம் கேமராக்களைப் பழுது பார்க்கத் தொடங்கினார்.

பால்வண்ணன் சாத்தூர்க்காரர். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய கேமராக்களைச் சேர்ப்பதுதான் அவருக்கு எல்லாம். எழுபத்தோரு கேமரா வைத்திருந்தார். பெட்டிக் கேமரா, துருத்தி வைத்த மடிப்புக் கேமரா, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கண் வைத்த கேமரா. ஒவ்வொன்றுக்கும் தோல் உறை. உறைக்கு மேல் பிளாஸ்டிக் பை. அதற்கு மேல் பீரோ.

முதல் தடவை வந்தபோது ஆறு கேமராக்களைக் கொண்டுவந்தார். லென்ஸுக்குள் நூல்நூலாக ஏதோ படர்கிறது, இத்தனைக்கும் காற்றுகூடப் படாமல் வைத்திருக்கிறேன் என்றார்.

"அதான்" என்றார் தங்கபுஷ்பம்.

ஒரு தோல் உறையைத் திறந்து பால்வண்ணன் மூக்குக்கு நேரே பிடித்தார். மழைக்காலத்தில் வாசலில் கிடந்து பூஞ்சை பூத்த செருப்பின் வாசம் அடித்தது. பால்வண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் எழுபத்தோரு கேமராக்களும் சாத்தூரில் மொட்டைமாடிக் கட்டிலில் வாயைத் திறந்துகொண்டு வெயில் காய்ந்தன. அடுத்த மாடியில் வடகம் பிழிந்துகொண்டிருந்த பெண் எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, இது எத்தனை வெயில் காயணும்? எண்ணெயில போட்டாப் பொரியுமா?" என்று கேட்டார். பால்வண்ணன் காக்காய் விரட்டிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் சிவகாசி பஸ் ஏறினார். பையில் ஒரு கேமராவும் கால் கிலோ காராச்சேவும் இருக்கும். தங்கபுஷ்பத்தை அவர் வாத்தியாரம்மா என்று கூப்பிட்டார். அப்படிக் கூப்பிட வேண்டாம் என்று தங்கபுஷ்பம் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். மூன்றாவது தடவை சொல்லவில்லை.

ஒரு சித்திரை மாதச் சனிக்கிழமை, பால்வண்ணன் வழக்கமான பஸ்ஸுக்கு முந்தைய பஸ்ஸில் வந்தார். காராச்சேவை மறந்திருந்தார். பையிலிருந்து ஒரு மடிப்புக் கேமராவை எடுத்து மேசையில் வைத்தார். விருதுநகரில் ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்தது.

"உள்ளே பிலிம் இருக்கு" என்றார், உள்ளே குழந்தை தூங்குவதைப் போல.

அந்த மாதிரிக் கேமராவின் முதுகில் பத்துக் காசு அளவில் ஒரு சிவப்பு வட்டம் இருக்கும். அதை மூட ஒரு சின்னத் தகடு. தகட்டை நகர்த்தினால், உள்ளே இருக்கும் பிலிமின் முதுகுத்தாளில் அச்சடித்த எண் சிவப்புக்குப் பின்னால் தெரியும். எத்தனையாவது படத்தில் நிற்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். மொத்தம் எட்டுப் படம். பால்வண்ணன் வீட்டில் வைத்துக் கேமராவின் முதுகைத் திறக்கப்போயிருக்கிறார். கொக்கியில் கட்டைவிரலை வைத்த பிறகு, எதற்கும் பார்ப்போம் என்று தகட்டை நகர்த்தியிருக்கிறார்.

நான்கு என்று தெரிந்தது.

அன்றிரவு தனக்குத் தூக்கமே வரவில்லை என்றார். அடுத்த மாதம் கோயம்புத்தூரில் கேமரா சேர்ப்பவர்கள் கூடுகிறார்கள். அந்தக் காலத்துப் பிலிம் அப்படியே இருக்கும் கேமரா என்றால் முதல் மேசையில் இடம். பின்னால் ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்தால், வருகிறவர்கள் எண்ணைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளலாம். கோயம்புத்தூருக்குப் போன் போட்டுச் சொல்லியும் விட்டார்.

தங்கபுஷ்பம் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோல் உறையைக் கேட்டு வாங்கி, மூடியின் உள்பக்கத்தை வெளிச்சத்துக்குக் காட்டினார். மசியில் எழுதியிருந்தது. சா. மரியநேசன், மலேரியா இன்ஸ்பெக்டர், வத்திராயிருப்பு, 1969.

"இவரை விசாரிச்சீங்களா?"

"கேமராவைத்தான் வாங்கியாச்சே, வாத்தியாரம்மா. இவரை எதுக்கு?"

தங்கபுஷ்பம் கேமராவை உறையில் போட்டு அவர் கையில் கொடுத்தார்.

"இன்னும் பாதிதான் வாங்கியிருக்கீங்க, அண்ணாச்சி. மீதியையும் பார்த்துட்டு வாங்க."

பால்வண்ணன் முணுமுணுத்துக்கொண்டே போனார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறி வத்திராயிருப்பில் இறங்கினார். முப்பத்தாறு வருடத்துக்கு முந்தைய மலேரியா இன்ஸ்பெக்டரை யாருக்குத் தெரியும்? மூன்று கடைகளில் உதட்டைப் பிதுக்கினார்கள். நான்காவது டீக்கடையில் பெஞ்சின் ஓரத்தில் இருந்த ஒருவர், வீட்டுச் சுவரில் மருந்தடித்த தேதி எழுதிவிட்டுப் போவாரே அவரா என்று கேட்டார். அவர் செத்து வருடக்கணக்காகிவிட்டது, மகள் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் இருக்கிறாள் என்றார்.

மகள் பெயர் ஜெசிந்தாள். முப்பத்தேழு வயது. பால்வண்ணன் போனபோது கரண்டியும் கையுமாக நின்றாள். உறையைப் பார்த்ததும் கரண்டியை அண்டாவில் போட்டுவிட்டாள்.

அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருந்த கேமரா அது. போன வருடம் அம்மா இறந்த பிறகு வீட்டுக்கு ஓடு மாற்றியபோது, ஒதுக்கிப்போட்ட சாமான்களோடு தவறிப் போய்விட்டது. ஆறு மாதமாகத் தேடுகிறாள்.

பிறகு அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"இதுல எங்கப்பா இருப்பாராய்யா?"

அடுத்த சனிக்கிழமை பால்வண்ணன் கேமராவோடு சிவகாசிக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்; கழுவிப் பார்க்கச் சொல்லி ஜெசிந்தாள் அதை அவரிடமே விட்டிருந்தாள். தங்கபுஷ்பம் ஒரு ஷட்டரின் தகடுகளைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார். 

பால்வண்ணன் மெல்லச் சொன்னார். ஜெசிந்தாளுக்கு அப்பாவின் முகம் தெரியாது. அவளுக்கு ஒன்றேகால் வயதாக இருக்கும்போது அவர் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். இருந்த ஒரே கல்யாணப் போட்டோ கரையானுக்குப் போனது. ஆனால் அவளுடைய அம்மா ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொண்டே இருப்பாளாம். அந்த வருடம் ஈஸ்டர் அன்று காலையில் இன்ஸ்பெக்டர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்தார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார். மனைவி நிற்க வேண்டிய இடத்தைச் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டுக் காட்டி, கேமராவை அவள் கையில் கொடுத்து, எதை அமுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். அவள் ஒரே தடவை அமுக்கினாள். அவர் கேமராவை வாங்கி மடித்து உறையில் போட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை காய்ச்சல் வந்தது. அதன்பிறகு அந்தக் கேமராவில் யாரும் படம் எடுக்கவில்லை. மீதிப் பிலிமை முடிக்க அவளுக்கு மனசு வரவில்லை. முடிக்காமல் கழுவவும் மனசு வரவில்லை.

"அப்போ கடைசிப் படம் அவருதான்" என்றார் தங்கபுஷ்பம்.

"ஆமா."

"பிறகென்ன?"

பால்வண்ணன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"நான் அமுக்கிட்டேன், வாத்தியாரம்மா."

கேமரா சேர்ப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கோழி வாங்குகிறவர் சிறகை விரித்துப் பார்ப்பதைப் போல, கேமராவை எடுத்ததும் அதன் கண்ணை முகத்துக்கு நேரே பிடித்து விசையை ஒரு தடவை அமுக்குவார்கள். உள்ளே தகடுகள் விரிந்து மூடுகின்றனவா என்று பார்ப்பார்கள். விருதுநகர்க் கடையில் பால்வண்ணனும் அதைத்தான் செய்திருந்தார். உள்ளே பிலிம் இருக்குமென்று அப்போது அவருக்குத் தெரியாது. தகடு நன்றாக விரிந்தது என்று சந்தோஷப்பட்டு வாங்கினார்.

அந்தக் கேமராக்கள், ஒரே இடத்தில் இரண்டு படம் விழுந்தாலும் தடுக்காதவை. பிலிமை நாமாகத்தான் சாவியால் சுற்றி அடுத்த எண்ணுக்கு நகர்த்த வேண்டும். படம் எடுத்த கையோடு சுற்றிவிடுகிறவர்கள் உண்டு. அடுத்த படம் எடுக்கும்போது சுற்றிக்கொள்ளலாம் என்று விடுகிறவர்களும் உண்டு.

"இன்ஸ்பெக்டர் முதல் கட்சின்னா, அவர் மூணாவதுல பத்திரமா இருக்காரு. நாலு சும்மா கிடந்த இடம். நான் அமுக்கினதுல ஒண்ணும் கெடலை" என்றார் பால்வண்ணன். "ரெண்டாவது கட்சின்னா நாலாவதுலதான் அவர் உட்கார்ந்திருக்காரு. அவர் மேலதான் நான் அமுக்கியிருக்கேன்."

"நீங்க எந்தக் கட்சி?"

பால்வண்ணன் கைக்குட்டையை மடித்தார்.

"எனக்குக் கட்சியே இல்லை. நான் இதுவரைக்கும் படமே எடுத்ததில்லை."

தங்கபுஷ்பம் பஞ்சைக் கீழே வைத்தார். எழுபத்திரண்டு கேமரா வைத்திருக்கிறவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"அவரு அழிஞ்சிருப்பாரா?" என்று கேட்டார் பால்வண்ணன்.

"தெரியாது. கழுவினாத்தான் தெரியும்."

"எப்போ கழுவுறீங்க?"

"நானா? அமுக்கினது யாரு?"

அந்தப் பிலிமைத் தன்னால் தொட முடியாது, கை நடுங்கும், ஒரு கீறல் விழுந்தாலும் போச்சு என்று பால்வண்ணன் என்னென்னவோ சொன்னார். தங்கபுஷ்பம் எழுந்துபோய் இரண்டடி நீளத்துக்கு ஒரு கழிவுப் பிலிமும், ஒரு பழைய எனாமல் தட்டும் கொண்டுவந்து கொடுத்தார். தட்டில் தண்ணீர் ஊற்றி, பிலிமின் இரண்டு நுனிகளையும் இரண்டு கைகளில் பிடித்து, தொட்டில் ஆட்டுவதைப் போல ஏற்றி இறக்கிக் காட்டினார். ஒரு கை ஏறும்போது மறுகை இறங்கியது. பிலிமின் வயிறு தண்ணீரை விட்டு விலகவே இல்லை. ஸ்டூடியோக்காரர்கள் முன்னாட்களில் அப்படித்தான் கழுவினார்கள்.

பிறகு பால்வண்ணனின் கண்ணைத் துண்டால் கட்டினார்.

முதல் நாள் பிலிம் ஒன்பது தடவை நழுவியது.

கிளம்பும்போது பால்வண்ணன் வாசலில் நின்று கேட்டார். அமுக்கிய விஷயத்தை அந்தப் பெண்ணிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். கழுவுவதற்கு முன்னால் சொல்வதா, பின்னால் சொல்வதா? படம் நன்றாக வந்துவிட்டால் சொல்லத் தேவையே இருக்காது இல்லையா?

தங்கபுஷ்பம் அவர் பையிலிருந்த மடிப்புக் கேமராவைக் காட்டினார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, காற்றில் ஒரு சாவியைச் சுற்றினார். அதன் பிறகு விசையை அமுக்குவதைப் போல ஒரு விரலை மடக்கினார்.

"முதல்ல சுத்தணும். அப்புறந்தான் அமுக்கணும்."

பால்வண்ணன் மறுபடியும் வத்திராயிருப்பு போனார். சத்துணவுக் கூடத்தின் வாசலில், பிள்ளைகள் சாப்பிட்டுத் தட்டுக் கழுவுகிற சத்தத்துக்கு நடுவே நின்று, கடையில் செய்ததைச் சொன்னார். இரண்டு கட்சிகளையும் விளக்கினார். ஜெசிந்தாளுக்கு அது புரிய இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அவள் முகம் இறுகியது. குழாயடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நீங்க பேசாம இருந்திருந்தா எனக்கு எப்படித் தெரியப் போவுது?" என்று கேட்டாள்.

தெரியாதுதான் என்றார் பால்வண்ணன்.

"அப்போ கழுவுற அன்னைக்கு நானும் வருவேன்."

மூன்று வாரம் பால்வண்ணன் சாத்தூரில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தட்டில் பிலிமை ஆட்டினார். இருட்டில் அவருக்கு விரல்கள்தான் கண்ணாக வேண்டியிருந்தது. பிலிமின் பளபளப்பான பக்கம் வழுக்கும். மருந்துப் பக்கம் கொஞ்சம் ஒட்டும். மூன்றாவது வாரத்தில் பார்க்காமலே எந்தப் பக்கம் எது என்று சொல்ல வந்தது. அதற்குள் கோயம்புத்தூர்க் கூட்டம் வந்து போனது. தான் வரவில்லை, பிலிமைக் கழுவப்போகிறேன் என்று போனில் சொன்னார். முட்டையைக் காட்சிக்கு வைக்கச் சொன்னால் உடைத்து ஆம்லெட் போடுகிறாயே என்றார் எதிர்முனையில் இருந்தவர். பால்வண்ணன் போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போனார்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே வெயில் சுட்டது. ஜெசிந்தாள் முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். தங்கபுஷ்பம் சோடாக்கடையிலிருந்து ஐஸ் வாங்கி, கழுவும் மருந்து இருந்த தட்டைச் சுற்றி அடுக்கிக் குளிர வைத்திருந்தார். பழைய பிலிமில் மூட்டம் படியும். அதை அடக்க மருந்தில் ஒரு சிட்டிகை புரோமைடு கூடுதலாகப் போட்டார். அதற்குமேல் எதையும் தொடவில்லை.

சாவியைச் சுற்றுவது முதல் வேலை. சிவப்பு வட்டத்தில் ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்று வந்து போயின. உள்ளே பிலிம் நெறுநெறுவென்று முனகியது. பால்வண்ணன் ஒவ்வொரு முனகலுக்கும் நின்று நின்று சுற்றினார்.

இருட்டறையில் பால்வண்ணனும் தங்கபுஷ்பமும் மட்டும். கதவுக்கு வெளியே ஜெசிந்தாள் கடிகாரத்தோடு நின்றாள். நிமிடத்தைச் சொல்வது அவள் பொறுப்பு. பதினொரு நிமிடம்.

விளக்கு அணைந்தது. பால்வண்ணன் முதுகுத்தாளைப் பிரித்தார். முப்பத்தாறு வருடம் சுருண்டு கிடந்த பிலிம் விரிய மறுத்தது. வில் போலத் திமிறி அவர் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டது.  தங்கபுஷ்பத்தின் மூச்சுச் சத்தம் மட்டும் பக்கத்தில் கேட்டது. அவர் உதவிக்கு வரவில்லை. பால்வண்ணன் நின்று, விரலால் மருந்துப் பக்கத்தைத் தடவாமல் ஓரத்தை மட்டும் தேடி, இரண்டு நுனிகளையும் பிடித்தார். தட்டில் இறக்கினார்.

"ஆரம்பிச்சாச்சு" என்றார்.

ஏற்றி இறக்கினார். ஏற்றி இறக்கினார்.

"ஒண்ணு" என்றது வெளியே குரல்.

நான்காவது நிமிடத்துக்குமேல் தோள் வலித்தது. ஏழாவது நிமிடத்தில் விரல் மரத்தது. "ஒம்பது" என்று சொல்லும்போது ஜெசிந்தாளின் குரல் சற்று மேலே போயிருந்தது. "பத்து" என்பதை அவள் கத்தியே சொன்னாள். பதினொன்று வருவதற்குள் அவள் வாய்க்குள் ஜெபம் சொல்வது கதவு வழியாகவே கேட்டது.

அடுத்த தட்டு. அதற்கடுத்த தட்டு. விளக்கு எரிந்தது.

பால்வண்ணன் பிலிமைத் தூக்கிப் பார்த்தார். முழுக்க ஒரே சாம்பல். 

"ஜன்னல்கிட்டப் போங்க" என்றார் தங்கபுஷ்பம்.

ஜன்னல் வெளிச்சத்தில் சாம்பலுக்குள் இருந்து கோடுகள் எழுந்தன. ஒன்று: ஒரு சுவர், அதில் தேதியும் எழுத்தும். இரண்டு: வாசல்படியில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நிற்கும் ஒரு பெண். மூன்று: பித்தளை அண்டாவுக்குள் உட்கார வைத்த ஒரு குழந்தை.

கிணற்றடி மூன்றில் இல்லை.

பால்வண்ணன் நான்காவதைப் பார்க்காமல் பிலிமை அப்படியே ஜெசிந்தாளிடம் நீட்டினார். அவள் பார்த்தாள். புருவத்தைச் சுருக்கினாள்.

"யாரோ வெள்ளை முடிக்காரரு, கறுப்பு முகம். ஒண்ணும் விளங்கலையே அக்கா."

நெகட்டிவில் கறுப்பும் வெள்ளையும் தலைகீழாகத்தான் விழும். தங்கபுஷ்பம் ஆணியில் மாட்டியிருந்த தன் கறுப்புக் குடையை எடுத்தார். அதை விரித்து மேசைமேல் சாய்த்து வைத்தார். ஈரப் பிலிமை வாங்கி, நான்காவது படத்தைக் குடைத்துணிமேல் படிய வைத்தார். ஜன்னலுக்கு நேரே குடையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். ஒரு சாய்வில் வெள்ளை கறுப்பாகியது, கறுப்பு வெள்ளையாகியது.

கிணற்றடிக் கல்லில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை. எண்ணெய் வைத்து வாரிய முடி. மெல்லிய மீசை. படம் எடுக்கிறவளுக்கு ஏதோ சொல்லிக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். வாய் பாதி திறந்திருந்தது. மடியில் குழந்தை, அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

ஜெசிந்தாள் குனிந்தாள். மூச்சு பட்டுக் கலைந்துவிடும் என்பதைப் போல வாயைக் கையால் மூடிக்கொண்டாள். இரண்டாவது படத்தில் அவள் அம்மா நின்றதும் அப்படித்தான்.

"அய்யா" என்றாள் பிறகு. "எங்கப்பா என்னைவிடச் சின்னப் பிள்ளையா இருக்காரே."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்காமலே சிரித்தாள்.

தொலைபேசி நிலையத்தில் முப்பத்துநான்கு வருடம் குரல் உயர்த்திப் பேசாதவர் என்று பெயர் எடுத்த பால்வண்ணன், வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்து, "வந்துட்டாரு, வந்துட்டாரு" என்றார். எதிர்வீட்டு வாசலில் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த நான்கு பெண்கள் யார் வந்தது என்று பார்க்கப் பசைக் கையோடு எழுந்து வந்தார்கள். ஜெசிந்தாள் ஒவ்வொருவரையும் குடையருகே நிறுத்தி, சரியான சாய்வுக்குத் தலையைப் பிடித்துத் திருப்பி, "எங்கப்பா. மலேரியா இன்ஸ்பெக்டர்" என்று அறிமுகம் செய்து வைத்தாள். மூக்கு அப்படியே உனக்கு வந்திருக்கு என்றாள் ஒருத்தி. அந்த வாக்கியத்தை யாரும் தன்னிடம் சொன்னதில்லை என்றாள் ஜெசிந்தாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அவள் இன்னொரு தடவை சொன்னாள்.

பிற்பகலில் பிலிம் காய்ந்தது. அதைப் போட்டோத் தாள்மேல் நேரடியாகப் படிய வைத்து, பால்வண்ணனே நான்கு பிரதிகள் போட்டார். உள்ளங்கை அளவுப் படங்கள். இரண்டு பிரதி கறுத்துப் போயின. இரண்டு நன்றாக வந்தன. அவர் வாழ்க்கையில் முதன்முதலாகப் போட்ட போட்டோக்கள் அவை.

கேமராவையும் உறையையும் துடைத்து ஜெசிந்தாளிடம் கொடுத்தார். அவள் உறையின் மூடியைத் திறந்து அப்பாவின் கையெழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு கேமராவைத் திருப்பி நீட்டினாள்.

"இதை நீங்களே வச்சுக்கோங்கய்யா. எங்கப்பாவைத்தான் எறக்கியாச்சே. உறை மட்டும் எனக்கு."

நான்கு மணி பஸ்ஸுக்கு அவள் கிளம்பினாள். படத்தைப் பைக்குள் வைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு போனாள். தெருமுனை வரைக்கும், எதிரே வருகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி படத்தை வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பிப் பிடித்திருந்தாள்.

வீடு அமைதியானது. தங்கபுஷ்பம் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்தார். பால்வண்ணன் இரண்டாவது பிரதியை ஜன்னலோரம் வைத்துக்கொண்டு, பூதக்கண்ணாடியால் அங்குலம் அங்குலமாகத் தேடினார். மரியநேசனின் நெற்றி, சட்டை, கிணற்றுச் சுவர், கல்லுக்குப் பின்னால் ஒரு வாழை. மீண்டும் நெற்றியிலிருந்து தொடங்கினார். வெயில் இறங்கும் வரை அதையே செய்துகொண்டிருந்தார்.

"என்ன தேடுறீங்க?"

"விருதுநகர்ல நான் அமுக்கினப்போ என் மூஞ்சி லென்ஸுக்கு நேரே இருந்தது, வாத்தியாரம்மா. இவர் மேல அது எங்கேயாவது விழுந்திருக்கணுமே. ஒரு நிழலாவது இருக்கணுமே. அதைத்தான் காணோம்."

தங்கபுஷ்பம் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பூதக்கண்ணாடியை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கினார்.

"முப்பத்தாறு வருஷத்துல பிலிமுக்குப் பார்வை மங்கிப்போச்சு, கடை இருட்டுல உங்க மூஞ்சி அதுக்குத் தெரிஞ்சிருக்காது. வீட்டுக்காரர் பிள்ளையை மடியில வச்சுக்கிட்டு நடுவீட்டுல உட்கார்ந்திருக்காரு, அண்ணாச்சி. தெருவோட போனவர் எட்டிப் பார்த்ததையா தேடிக்கிட்டிருக்கீங்க?"